கதிரேசன் கயிற்றை விடவில்லை

கதிரேசன் கயிற்றை விடவில்லை. என் சித்தியின் மகன் நிரோஜன் பாறையிலிருந்து விழுந்தது அவனால் அல்ல… என்னால்! அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, கதிரேசன் சொல்வது பொய் என்று ஆகும்படி நான் வாய் திறந்தேன்.

சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் இடையில் எங்காவது நழுவிவிடுவேன் என்று பயந்து முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என் மனைவிக்குத் தெரியாது, சித்திக்குத் தெரியாது, விழுந்தவனுக்கே தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன்… இடையில் எனக்காக "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவன் வேறொருவன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. பந்து, மட்டை, சப்பாத்து எல்லாம் விற்பேன். ஆனால் என் பெயர் அடிபடுவது ரக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதில்தான். பட்மின்டன் விளையாடுகிறவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஹெந்தளையிலிருந்தும்கூட என்னைத் தேடி வருவார்கள். இந்தக் காலத்து ரக்கெட் எல்லாம் காபன் இழையில் செய்தவை. ஆகவே காபனின் குணம் எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

அதன் குணம் என்ன தெரியுமா? அது காட்டிக்கொடுக்காது!

தோற்ற கோபத்தில் ரக்கெட்டைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு, "நரம்பு மட்டும்தான் அண்ணா தளர்ந்திட்டுது" என்று அப்பாவி முகத்தோடு கொண்டுவருவார்கள். வெளியே ஒரு கீறல்கூட இராது. நான் நகத்தால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடத்தில் ஓசை 'டிக் டிக்' என்று தெளிவாக எழும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடத்தில் 'டொக்' என்று அமுங்கிவிடும். அலுமினியமென்றால் நெளியும், பள்ளம் விழும், ஆளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரும். காபன் கடைசி நிமிடம் வரை அழகாக இருந்துவிட்டு ஒரேயடியாகப் போகும். 'டொக்' கேட்ட ரக்கெட்டுக்கு நான் நரம்பு கட்டுவதே இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அவ்வளவு நேர்மையான மனிதன் நான்!

நிரோஜன் சுவிஸில் வளர்ந்தவன். அங்கே குளிர்காலத்தில் நீர்வீழ்ச்சிகள் உறைந்து சுவராக நிற்குமாம். கைக்கொன்றாக இரண்டு கோடாலிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றில் ஏறுவானாம். பனி இல்லாத மாதங்களில் அதே கோடாலிகளோடு வெறும் பாறையில் ஏறிப் பழகுவார்களாம். போன வருஷப்பிறப்புக்குத் தாயைப் பார்க்க வந்தபோது, போட்டி நெருங்குகிறது, பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று அவற்றையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

பனிக்கோடாலி! கொழும்பில்… அதுவும் சித்திரை வெயிலில்! "ஏனடா, ஃபிரிட்ஜுக்குள்ள ஐஸ் உடைக்கவோ?" என்று நானே கேட்டேன். அவனும் சேர்ந்துதான் சிரித்தான். நல்ல பிள்ளை அவன். அதையும் சொல்லியாக வேண்டும்.

கறுப்பாக, வளைந்த தண்டோடு, கையில் எடுத்தால் பாரமே தெரியாத பொருள். தலையில் மட்டும் கொக்கின் அலகு மாதிரி ஓர் எஃகு முனை. தண்டு முழுக்கக் காபன். அதில் சுவிஸ் பாறைகள் உரசிய தழும்புகள் இருந்தன. தலைக்குக் கீழே கறுப்பு டேப் சுற்றியிருந்தான்.

"பனியில எண்டால் முனை உள்ளுக்குப் போய்ப் பிடிச்சிடும் அண்ணா. பாறையில அப்பிடி இல்லை. நகமளவு விளிம்பிலதான் கொழுவ வேணும். இல்லாட்டி வெடிப்புக்குள்ள விட்டு முறுக்க வேணும். முனை தேஞ்சால் அரத்தால தீட்டலாம், கழட்டி மாத்தலாம். தண்டு போனால் எல்லாம் போச்சு" என்றான்.

எனக்கு விளங்கியது. இழை ஓடும் திசையில் இழுத்தால் காபன் எத்தனை ஆளையும் தாங்கும். பக்கவாட்டில் விழும் அடிதான் அதற்கு ஆகாது. இதை அவனுக்கு நானே விளக்கினேன். "பாறையில தண்டைச் சாய்வா இடிபட விடாத" என்று புத்திமதியும் சொன்னேன். கேட்கிறீர்களா… புத்திமதி!

அவனுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏறுகிறவன் தன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பாறையில் அடித்த வளையங்களில் ஒவ்வொன்றாகக் கொழுவிக்கொண்டு போவான், அவன் விழுந்தால் கீழே நிற்பவன்தான் கயிற்றை இறுக்கி நிறுத்த வேண்டும். கதிரேசனைக் காட்டிவிட்டதும் நான்தான்.

கதிரேசன் என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவன். தாய் தகப்பன் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள், வீடு கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து உயர்ந்து நிற்கும் மாடிக் கட்டிடங்களின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பதும் பெயின்ட் அடிப்பதும் அவன் வேலை. முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நிரோஜனும் அவனும் சந்தித்த அன்றைக்கே ஒட்டிக்கொண்டார்கள். அவிசாவளைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கருங்கல் குவாரியில், ஏற்கெனவே யாரோ இரும்பு வளையங்கள் அடித்து வைத்திருந்த ஒரு பாறையையும் தேடிப் பிடித்தார்கள்.

இனி, வருஷப்பிறப்பன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொலைகாரனுக்குக்கூடத் தன் குற்றத்தைச் சொல்ல ஒரு கௌரவமான காரணம் இருக்கும். எனக்கு வாய்த்ததோ ஒரு தேங்காய்!

எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் வருஷப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தன் தேங்காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார். பிறகு முறை மாறும். யாருடையது உடைகிறதோ அவர் தோற்றார். சின்னதாக, ஓடு தடித்த காய்களை இதற்கென்றே தேடி எடுப்பார்கள். கொழும்புக்கு வந்த பிறகும் எங்கள் குடும்பம் அதை விடவில்லை. சித்தியின் மாடிக் கட்டிடத்து மொட்டை மாடியில் வருஷா வருஷம் நடக்கும். வருஷா வருஷம் வெல்கிறவன் நான். மாதக்கணக்காகத் தேடித் தட்டிப் பார்த்து, ஊரிலிருந்து காய் எடுப்பித்து வைத்திருப்பேன்.

அந்த வருஷமும் வென்றேன். ஆனால் யாரும் பார்க்கவில்லை! என் கடைசி அடி விழுந்தபோது எல்லாரும் தண்ணீர்த் தாங்கியடியில் நிரோஜனைச் சுற்றி நின்றார்கள். அவன் கோடாலியை ஒரு கம்பியில் கொழுவி, ஒற்றைக் கையால் தொங்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சித்தி வாய் பிளந்து நின்றாள். என் மச்சான்மார் போனில் வீடியோ எடுத்தார்கள். "நான் வெண்டிட்டன்" என்றேன். நிரோஜன் திரும்பிப் பார்த்து, "சூப்பர் அண்ணா! ஆனா உங்கட தேங்காய் இதுக்குக் கிட்டவும் வராது" என்று பகிடியாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டுவிட்டது. ஐம்பதை நெருங்கும் மனிதன்! கடை வைத்திருப்பவன், நாலு பேர் மதிக்கிறவன்… ஒரு பகிடியைத் தாங்க முடியவில்லை!

எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். கோடாலிகள் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் கிடந்தன. நான் மட்டும் நின்றேன்.

ஒன்றை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே பாலமாக வைத்தேன். வென்ற தேங்காயை இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன். தேங்காய்க்கும் ஒன்றுமில்லை, தண்டுக்கும் ஒன்றுமில்லை. "ஆ… அப்பிடியோ?" என்று வாய்விட்டே சொன்னேன். விசர் பிடித்தவனைப் போல மறுபடி, உடம்பின் முழுப் பலத்தையும் சேர்த்து, டேப்புக்குச் சற்றுக் கீழே ஓர் அடி.

தேங்காய் பிளந்தது. தேங்காய்த் தண்ணீர் தண்டின் மேலெல்லாம் தெறித்தது. அதே கணத்தில், தண்டுக்குள்ளிருந்து 'நெறுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை. வேட்டித் தலைப்பால் துடைத்தேன். கோடாலியைக் கிடந்த இடத்திலேயே கிடந்தபடி வைத்துவிட்டு, பிளந்த தேங்காயோடு கீழே போனேன். "என்ன, வெண்ட காயும் உடைஞ்சுதோ?" என்று சித்தி கேட்டாள். "கை தவறி விழுந்திட்டுது" என்றேன்.

பிறகு நடந்ததுதான் பெரிய பாவம். அடித்தது முட்டாள்தனம் என்று நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதை மன்னிக்க மாட்டீர்கள்.

மறுநாள் குவாரிக்குப் புறப்படும் வழியில் நிரோஜன் கடைக்கு வந்தான். கதிரேசன் வெளியே ஓட்டோவில் கயிற்றுப் பையோடு இருந்தான். நிரோஜன் இரண்டு கோடாலிகளையும் என் மேசையில் வைத்தான்.

"அண்ணா, ஒருக்காத் தட்டிப் பாருங்கோ. வரேக்க பெட்டியைத் தூக்கி எறிஞ்சிருப்பாங்கள். நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி."

தட்டினேன். முதலாவது, மேலிருந்து கீழ்வரை தெளிவாக ஒலித்தது. இரண்டாவதை எடுத்தேன். எது என்று எனக்குத் தெரியும். டேப்புக்குக் கீழே வரும்போது விரல் தயங்கியது.

'டொக்.'

மறுபடி தட்டினேன். அதே 'டொக்'. நிரோஜன் போனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி, "எப்பிடி அண்ணா?" என்றான்.

"ஒரு பிழையும் இல்லை. கொண்டு போ" என்றேன்.

ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்? "இதிலை ஒரு வெடிப்பு இருக்கு, இதைக் கொண்டுபோகாத" என்று சொல்லியிருக்கலாமே! பெட்டியில் அடிபட்டிருக்கும், பாறையில் பட்டிருக்கும் என்று அவனே நினைத்திருப்பான். தேங்காயைப் பற்றி யார் கேட்டார்கள்? ஒரு சொல் போதும். என் மானம்கூடப் போயிருக்காது!

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் இது: பயந்துவிட்டேன். முதல்நாள் நன்றாக இருந்த பொருளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பான், மொட்டை மாடியில் நான் மட்டும் தனியாக நின்றதை யாராவது சொல்வார்கள், குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்… இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. கயிறுதான் இருக்கிறதே, கதிரேசன்தான் இருக்கிறானே, என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

முழு உண்மை இது… அது உடைய வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது. அவன் விழ வேண்டும் என்றல்ல, சத்தியமாக அல்ல! அந்தக் கறுப்புத் தண்டு ஒருமுறை தோற்க வேண்டும் என்று. அவன் வெறுங்கையோடு திரும்பி வந்து, "உடைஞ்சு போச்சண்ணா" என்று சொல்ல வேண்டும் என்று. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது!

ஓட்டோ கிளம்பியது. கதிரேசன் கையசைத்தான். நான் உள்ளே போய் ஒரு ரக்கெட்டுக்கு நரம்பு கட்டத் தொடங்கினேன்.

மத்தியானம் போன் அடித்தது. கதிரேசன்.

"அண்ணே… அது ஒடஞ்சிருச்சுண்ணே."

முதல் சொல்லே அதுதான். நிரோஜன் விழுந்ததையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதையோ அவன் அதற்குப் பிறகுதான் சொன்னான். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கதிரேசன் எனக்காகக் காத்து நின்றான். சட்டையெல்லாம் இரத்தமும் கல்தூசியும். நடந்ததை மூச்சு வாங்கியபடி சொன்னான். நிரோஜன் மேல் வளையத்தில் கயிற்றைக் கொழுவுவதற்காக ஒரு கையால் கயிற்றை மேலே இழுத்திருக்கிறான். அந்த நேரத்தில் கீழே நிற்பவன் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் முறை. மறுகை கோடாலியில், உடம்பின் முழுப் பாரமும் அதில். அப்போது 'படக்' என்று தண்டு முறிந்திருக்கிறது. இழுத்த கயிறு முழுவதும் தளர்ந்து கிடந்ததால் அதிக தூரம் விழுந்து, கீழே துருத்தி நின்ற ஒரு கல்லில் குதிகால் மோதிவிட்டது. தலையும் இடிபட்டிருந்தது.

"நான் கயித்த விடலண்ணே. கையாலயே புடிச்சி நிறுத்திட்டேன். இல்லாட்டி தரைக்கே போயிருப்பாரு" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து சதை சிவந்து கிடந்தது.

பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். உள்ளே முறிந்த கோடாலியின் இரண்டு துண்டுகளும் இருந்தன. ஒரு துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தான்.

"நீங்க பாருங்கண்ணே. இது எப்பிடி ஒடஞ்சிச்சின்னு ஒங்களுக்குத்தான் தெரியும். யாராச்சும் கேட்டா நீங்க சொல்லுங்க."

பையை வாங்கினேன். டேப்புக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது. அதே இடம்.

சித்தி வந்தாள். மச்சான்மாரும் அவர்களின் வீட்டுக்காரிகளும் வந்தார்கள். வராந்தா நிறைந்துவிட்டது. டொக்டர் வந்து, உயிருக்கு ஆபத்தில்லை, குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, இனி ஏறுவதைப் பற்றி நினைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி நேராகக் கதிரேசனிடம் போனாள்.

"நீ கயித்தை விட்டிட்டாய்! என்ர பிள்ளையை விழுத்திப்போட்டு வந்து நிக்கிறாய்!"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. மொதல்ல அது ஒடஞ்சிச்சி. சத்தம் கேட்டிச்சி. அதுக்கப்புறந்தான் அவரு விழுந்தாரு."

"பிளேன் செய்யிற காபனாம் அது. அது உடைஞ்சதாம், இவர் பிடிச்சவராம்!"

பின்னாலிருந்து ஒரு மச்சான் சொன்னான்: "தோட்டத்துப் பெடியனை நம்பிக் கயித்தைக் குடுத்தால் இப்பிடித்தான்." யாரும் அவனைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "ரவி, நீ சொல்லு. உனக்குத்தானே இந்தக் காபன் விசயமெல்லாம் தெரியும். காலமை நீயும் பார்த்துத்தானே விட்டனி? அது தானா உடையுமோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதிரேசனும் பார்த்தான். சித்தி என்னிடம் கேட்டதும் அவன் முகம் தெளிந்ததைக் கண்டேன். அண்ணனுக்குத் தெரியும், அண்ணன் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை. அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"தானா உடையாது சித்தி. விழேக்க பாறையில அடிபட்டு உடைஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது! குரல்கூட நடுங்கவில்லை. காபனைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரே வசனத்தில் பொய்யாக்கினேன்.

கதிரேசன் "அண்ணே…" என்றான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் கைகளை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அந்தக் கைகளுக்கு மருந்து கட்ட வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பை என்னிடம் இருந்தது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கற்களுக்குப் போனேன். குடை பிடித்த காதலர்கள் ஆங்காங்கே இருந்தார்கள். எஃகுத் தலையை எறிந்தேன், போய்விட்டது. தண்டை எறிந்தேன். அது உள்ளே வெறும் குழாய் அல்லவா… மிதந்தது! அலை அதை என்னிடமே கொண்டுவந்தது. மறுபடி குனிவதற்குள் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி எடுத்துவிட்டான்.

"அய்யே, மேக்க ஒயாகேத?" என்று நீட்டினான். இது உங்களுடையதா என்று சிங்களத்தில் கேட்டான்.

"நே, மல்லி" என்றேன். என்னுடையது இல்லை!

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடி நன்றாக இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். தன் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் வேகமாகத் திரும்பி நடந்தேன். சில நாட்களுக்கு, கடைக்கு யார் பையோடு வந்தாலும் முதலில் அந்தப் பையைத்தான் பார்த்தேன்.

நிரோஜனுக்கு அந்தக் கணம் நினைவில் இல்லை. "கை சும்மா போன மாதிரி இருந்தது அண்ணா" என்று மட்டும் சொன்னான். பிறகு, "அந்தத் துண்டுகள் எங்க? செய்த கொம்பனிக்கு அனுப்பினால் அவங்கள் பார்த்துச் சொல்லுவாங்கள்" என்றான்.

"கதிரேசனைத்தான் கேக்க வேணும்" என்றேன்.

ஆம், அதையும் சொன்னேன். கதிரேசன், அண்ணனிடம் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான். சித்தி என்னிடம் கேட்டாள். "என்னட்ட ஒண்டும் தரேல்லையே" என்றேன். அத்தோடு கதை முடிந்தது. கயிற்றை விட்டதுமல்லாமல் சாட்சியையும் ஒளித்துவிட்டான் என்று வெள்ளவத்தை முழுக்கப் பேச்சு. சித்தியின் கட்டிடத்து நிர்வாகக் குழுவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். "கயித்தை விட்டவனை எங்கட சுவரில தொங்க விடாதேங்கோ" என்று அவர் சொல்ல, அடுத்தடுத்த கட்டிடங்களும் அதையே சொல்லத் தொடங்கின. கதிரேசனின் மேற்பார்வையாளர் ஒரு காலையில் அவனைக் கூப்பிட்டு, "மல்லி, ஹெட்ட இந்தலா என்ன எபா" என்றாராம். நாளையிலிருந்து வராதே.

நிரோஜன் கைத்தடியோடு சுவிஸுக்குப் போனான். நான்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் அண்ணா" என்றான்.

சில வேளைகளில் எனக்காக நானே வாதாடிப் பார்ப்பதுண்டு. அந்தத் தண்டு ஏற்கெனவே சுவிஸ் பாறைகளில் அடிபட்டதுதானே? தழும்புகளை நானே பார்த்தேனே. பாறையில் இப்படி முறுக்கினால் எந்தக் காபனும் ஒருநாள் போகத்தானே செய்யும்? தேங்காய் இல்லாமலே அது அன்றைக்கு உடைந்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம்! ஆனால் அந்த 'டொக்' எனக்குக் கேட்டதே… கேட்டதே! எதனால் வந்தது என்று தெரியாவிட்டாலும், வந்திருந்தது என்று தெரியுமே. அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடும்.

மாதங்கள் போயின. கதிரேசன் என் கடைப் பக்கம் வரவில்லை. மருதானையில் ஓர் இரும்புக் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் வராதது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தான். மெலிந்திருந்தான். எழுந்து நிற்பதா இருப்பதா என்று தெரியாமல் தடுமாறினேன். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன் என்று… ஏன் பொய், அடித்தால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தேன்.

அவன் நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்துட்டேன். அவரு கயித்த இழுத்தப்ப நான்தான் கொஞ்சம் கூடுதலா விட்டிருப்பேன் போல. அந்தச் சத்தங்கூட… பயத்துல எனக்குத்தான் அப்பிடிக் கேட்டிருக்கும். அந்தத் துண்டுகள ஒங்ககிட்ட குடுத்ததா நெனச்சேன். நீங்க இல்லன்னா இல்லதான். அன்னைக்கி எனக்குப் புத்தியே சரியா இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேசையில் கிடந்த ரக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இப்ப ஏணியில ஏறினாலே கை நடுங்குதுண்ணே. ஒரு மனுசன் காலு போச்சே என்னால… என்னய மன்னிச்சிருங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கடையில் வேறு ஒருவரும் இல்லை. அவன் எனக்கு முன்னால், ஒரு கை தூரத்தில் நின்றான். "நீ விடவில்லையடா" என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. வந்ததா? அல்லது வந்ததாக இப்போது உங்களுக்காகச் சொல்கிறேனா?

"சரி, விடு கதிர்" என்றேன். "நடந்தது நடந்து போச்சு. நான் மன்னிச்சிட்டன்."

அவன் அழுதான். என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். உள்ளங்கையில் ஆறிப்போன தழும்பு என் விரல்களில் பட்டது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறான். கொட்டாஞ்சேனைக் கோயிலில் நிரோஜன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு மருதானைக்குப் போகும் வழியை விட்டு இவ்வளவு தூரம் வருகிறான். அண்ணன் மன்னித்த பிறகுதான் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது என்கிறான்.

இன்றைக்கும் வந்தான்.

"அவரு காலு இப்ப எப்பிடிண்ணே இருக்கு?"

"பரவாயில்லை" என்றேன்.

பொட்டலத்தை நீட்டினான். வாங்கினேன். பிரித்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றதால், விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன்.